கதவு பூட்டியிருந்த பெயர்நாள்

முப்பத்திரண்டு வருஷம் கடலோரச் சாலையில் பேருந்து ஓட்டியவன் மார்கோஸ். ஆனாலும் கடலைப் பார்த்ததே இல்லை என்பான். கண் சாலையில் இருக்க வேண்டும். கடல் பக்கவாட்டுக் கண்ணாடியில் ஒரு விரற்கடை நீலமாக வந்து போகும், அவ்வளவுதான். ஓய்வு பெற்ற பிறகும் எங்கள் ஊரான கிப்பரிசியாவை விட்டு நகரவில்லை. நானும் என் புருஷன் ஃபோத்திஸும் பழைய கேம்பர் வேன் ஒன்றை வாங்கியபோது எங்கள் நெடுநாள் சிநேகிதனான அவனையும் இழுத்துப் போட்டுக்கொண்டு கிளம்பினோம். ஸ்டீயரிங்கைத் தொட மாட்டேன் என்று சொல்லிவிட்டுத்தான் ஏறினான்.

மூன்று நாள் தெற்கே போனோம். ஆரஞ்சு பூத்திருந்த ஏப்ரல் மாதம். ஜன்னல் வழியாக வாசனை வந்து தலையணையிலெல்லாம் ஏறிக்கொண்டது. காலை வேளைகளில் கடலுக்கும் வானத்துக்கும் நடுவே கோடே இல்லை. மீன்பிடிப் படகுகள் அந்தரத்தில் நின்றன. மார்கோஸ் பின் இருக்கையில் காலை நீட்டிக்கொண்டு பார்த்தான், தூங்கினான், விழித்து மறுபடி பார்த்தான். எது கனவு, எது கடல் என்று அவனுக்கே பிடிபடவில்லை.

"அர்கிரோ, இது நேத்துப் பாத்த கடல்தானா?" என்று என்னைக் கேட்டான்.

"அதே கடல்தான்டா. நீதான் ஆளு மாறிட்ட" என்றேன்.

மாறியிருந்தால் தேவலை. இவனைப்போல ஒரு பிடிவாதக்காரனை நான் கண்டதில்லை. ஆறு வருஷத்துக்கு முன் இவனுடைய ஒரே மகள் ஸ்மரோ, ஜெர்மனியில் நகராட்சி அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டுக் கல்யாணம் செய்துகொண்டாள். தேவாலயத்தில் நடக்காதது கல்யாணமே இல்லை என்று இவன் போகவில்லை. அவளும் பேச்சை நிறுத்திவிட்டாள். அப்பனுக்கு ஏற்ற மகள். அந்த மாப்பிள்ளையின் பெயரை இவன் வாயால் நான் கேட்டதே கிடையாது.

ஒரே ஒரு நாளைத்தான் நம்பியிருந்தான், தன் பெயருக்குரிய புனிதரின் திருநாளான பெயர்நாளை. எங்கள் பக்கம் பிறந்தநாளைவிட அதுதான் பெரிது. அன்று யாரையும் அழைப்பதில்லை. கதவைத் திறந்து வைத்தால் வேண்டியவர்கள் வருவார்கள். சண்டைபோட்டவர்களும் வரலாம், ஏன் வந்தாய் என்று கேட்கிற வழக்கமில்லை. கதவு பூட்டியிருந்தால் மட்டும், யாரும் வர வேண்டாம் என்று அர்த்தம். வருஷா வருஷம் மார்கோஸ் சவரம் செய்து, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, கதவைத் திறந்து வைத்து உட்காருவான். அவள் வரவில்லை.

நான்காம் நாள் மத்தியானம், ஸ்தூப்பா கடற்கரையில் குடை மாதிரி விரிந்திருந்த ஒரு மரத்தடியில் வேனை நிறுத்திப் படுத்திருந்தோம். மார்கோஸின் பக்கத்து வீட்டு வாசோ போன் செய்தாள்; அவன் ஸ்பீக்கரில் போட்டான்.

"மார்கோஸ், உன் வாசப்படியில ஸ்மரோ உக்காந்திருக்கா. கையில இனிப்பு டப்பா. ஒரு மணி நேரமாச்சு."

அவன் எழுந்து உட்கார்ந்தான்.

"எதுக்கு வந்திருக்கா?"

"இன்னிக்கு ஏப்ரல் இருபத்தஞ்சு இல்ல? உன் பெயர்நாளுன்னு வந்திருக்கா."

மார்கோஸ் என்ற பெயருக்குரிய புனித மாற்குவின் நாள் இருபத்தைந்துதான். ஆனால் ஈஸ்டர் அதற்குப் பின்னால் விழுகிற வருஷத்தில் அது ஈஸ்டர் முடிந்த செவ்வாய்க்கிழமைக்குத் தள்ளிப்போகும். இந்த வருஷம் இன்னும் பன்னிரண்டு நாள் இருந்தது. எங்கள் ஊரில் பால்குடிக் குழந்தைக்கும் தெரியும். ஜெர்மனியில் யார் ஞாபகப்படுத்துவார்கள்?

"நான் வருவேன்னு பயந்துதான் பூட்டிட்டுப் போயிட்டாரான்னு கேக்குறா. அஞ்சரை பஸ்ஸுக்குக் கிளம்பிடுவாளாம். இன்னிக்கு உன் பெயர்நாளே இல்லைன்னு சொல்லிடவா?" என்று வாசோ கேட்டாள்.

"சொல்லாத" என்றான் மார்கோஸ். "அவ்ளோ தூரத்துலேர்ந்து வந்த புள்ள கூசிப்போயிடும். இனிப்பு வாங்கப் போனேன், வண்டி ரிப்பேர்னு சொல்லு."

அறுபத்தெட்டு வயதில் அவன் சொல்லி நான் கேட்ட முதல் பொய்.

"நீயே பேசேன்டா" என்று ஃபோத்திஸ் சொன்னான்.

"போன்ல எனக்கு வராது. அழுதுடுவேன். சாவியக் குடு."

பிறகு அந்த வேன் எப்படிப் போயிற்று என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள். தட்டுகள் உருண்டன. ஃபோத்திஸ் கண்ணை மூடிக்கொண்டு கும்பிட்டான். மூன்று நாளாகப் பார்த்த கடல் முழுக்க எங்கள் பக்கத்திலேயே ஓடிவந்தது, வெயில் அதன்மேல் மெல்ல மெல்லச் சாய்ந்தது. மார்கோஸ் அதை ஒருதரம்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

ஐந்தேகாலுக்குத் தெருவில் நுழைந்தோம். ஸ்மரோ பையைத் தோளில் மாட்டியிருந்தாள். இரண்டு பேரும் வாசலில் நின்றார்கள். கடைசியில் அவள்தான் டப்பாவை நீட்டினாள்.

"பல்லாண்டு வாழ்கப்பா."

"என்னம்மா, இன்னிக்கு..." என்று ஃபோத்திஸ் ஆரம்பித்தான். அவன் காலை ஓங்கி மிதித்தேன்.

"வாழ்க மார்கோஸ், பல்லாண்டு" என்று தன் மாடியிலிருந்து வாசோ கத்தினாள். எதிர்வீட்டுக்காரர் விழித்தார், பிறகு புரிந்துகொண்டு அவரும் வாழ்த்தினார்.

டப்பாவுக்குள் கிரீம் கேக். பாலும் வெண்ணெயும் முட்டையுமாக நிறைந்திருந்தது. ஈஸ்டருக்கு முந்தைய இந்த நோன்பு நாட்களில் மார்கோஸ் காபியில்கூடப் பால் விடுவதில்லை. காய்ச்சலில் கிடந்தபோதும் விட்டதில்லை. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தேன். அவன் ஒரு துண்டை எடுத்தான். வாசற்படியில் உட்கார்ந்து, ஊர் பார்க்க, முழுசாகச் சாப்பிட்டான். விரலையும் நக்கினான்.

"நல்லாருக்கு. உன் வீட்டுக்காரர் பேரென்னம்மா?"

ஸ்மரோ நிமிர்ந்து பார்த்தாள். "யோர்ன்."

"யோர்னுக்கு எப்போ பெயர்நாள்?"

"அவங்க ஊர்ல அதெல்லாம் கிடையாதுப்பா."

மார்கோஸ் இன்னொரு துண்டை எடுத்தான்.

"அப்ப நான் எந்த நாள் வந்தாலும் சரிதான்" என்றான்.