பாவு பிடித்தவரின் நெற்றி

எழுபதுகளில் பெரிய காஞ்சிபுரத்தில் ஒரு நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்தில் எழுத்தராக இருந்தேன். வெள்ளிக்கிழமைகளில் சங்கத் தலைவர் திருநீற்றுத் தட்டை நீட்டுவார். வேண்டியவர்கள் எடுத்துக்கொள்வார்கள். கிறிஸ்தவ நெசவாளர் ஒருவர் மட்டும் சிரித்துக் கும்பிட்டு விலகுவார். பல வருஷம் இப்படியே சுமுகமாக நடந்தது.

ஒரு வெள்ளிக்கிழமை தெருவில் பட்டுப் பாவை, தறியில் ஏற்றவேண்டிய நெடுக்கு இழைகளை, நீளமாக இழுத்துப் பிடித்திருந்தார்கள். ஒரு முனை அந்தக் கிறிஸ்தவர் கையில் இருந்தது. விட்டால் இழையெல்லாம் சிக்கிப் பாவே பாழாகிவிடும். தலைவர் தட்டோடு நேராக வந்து அவர் நெற்றியில் திருநீற்றைப் பட்டையாகப் பூசினார்.

"இன்னிக்கு எங்கப்பா ஓடுவ?"

தெருவே சிரித்தது. நூல் கொடுப்பதற்கும் சேலை வாங்குவதற்கும் சங்கத்தில் விதிகள் உண்டு. எல்லாம் எனக்கு மனப்பாடம். கை ஒழியாதவரின் நெற்றியைப் பற்றி எந்த விதியும் இல்லை.

அவர் பாவை விடவில்லை. என்னைப் பார்த்து, "சார், கை ஒழியல. கொஞ்சம் தொடச்சி வுடுங்க," என்றார்.

என் நெற்றியிலும் அதே தட்டின் திருநீறுதான். கைக்குட்டையை எடுத்து அவர் நெற்றியைத் துடைத்தேன்.

"நீயே அழிக்கிறியேப்பா," என்றார் தலைவர். பூசியபோது பதறாத அவர் குரல் அப்போதுதான் நடுங்கியது.