பச்சை காட்டிய விரல்

மலேசியாவின் ஜொகூரில் வயதானவர்கள் வீட்டுக்குப் போய் சுகர் மெஷினைக் கொடுத்து, பழக்கிவிட்டு வருவது என் வேலை. விரலைக் குத்தினால் போதும், கணக்கு போன் வழியாக எங்கள் கிளினிக் கம்ப்யூட்டருக்குத் தானாகப் போய்விடும். நல்ல கணக்கு பச்சை. மோசமான கணக்கு சிவப்பு. சிவப்பு விழுந்தால் எங்கள் தாதி (நாங்கள் மிஸி என்போம்) பிள்ளைகளுக்குப் போன் அடிப்பார். ஆறாம் வகுப்போடு நின்ற எனக்கே இது புரிந்தது. வீட்டில் இப்படி ஒரு மெஷினையும் ஒரு பெரியவரையும் வைத்துக்கொண்டு அல்லாடுகிறவர்களே, உங்களிடம்தான் சொல்கிறேன். பெக்கான் நானாஸில் இருக்கும் பாக்கியம் அக்காவின் காலைப் பற்றி யாரிடமாவது சொல்லியாக வேண்டும். அதற்கு முன்னால் இன்னும் இரண்டு பேர்.

சாமி மேடையில் மெஷின்

பெர்மாஸ் ஜெயாவில் இருக்கும் முனியாண்டி ஐயாவின் கணக்கு வெள்ளிக்கிழமை மட்டும்தான் வரும். அதுவும் பச்சைப்பசேலென்று. மெஷின் கெட்டுவிட்டதோ என்று வெயிலில் பஸ் ஏறிப் போனேன். மெஷின் சாமி மேடையில், முருகன் படத்துக்குப் பக்கத்தில், சந்தனம் குங்குமத்தோடு உட்கார்ந்திருந்தது. வெள்ளிக்கிழமை அவர் சைவம். குளித்து, கும்பிட்டு, அப்புறம்தான் விரலைக் குத்துவாராம். மற்ற நாளும் எடுங்கள் ஐயா என்றேன். என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"கோழிக்கறி தின்ன கையால இதைத் தொடச் சொல்றியே, நீயும் சாமி கும்பிடுற பொம்பளதானே?"

மரியாதையான குரல்

காதர் பாய் சாப்பாட்டுக் கடை நடத்தி ஓய்ந்தவர். காலையும் மாலையும் அவர் போனில் ஒரு பெண் குரல், "மருந்து சாப்பிட்டீர்களா, ஐயா?" என்று கேட்கும். 'ஆமாம்', 'இல்லை' இரண்டில் ஒன்றை அழுத்த வேண்டும். பாய் ஒரு வேளைகூடத் தவறாமல் 'ஆமாம்' அழுத்தியிருந்தார். கிளினிக்கில் அவரைத்தான் எல்லோருக்கும் உதாரணமாகக் காட்டினோம். வீட்டுக்குப் போனால் மருந்துப் பை பிரிக்காமலே கிடக்கிறது. தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டேன். பாய் எனக்கு ஒரு கிளாஸ் தே தாரிக் டீ கொண்டுவரச் சொல்லிவிட்டுப் பக்கத்தில் வந்தார்.

"அந்தப் புள்ள அவ்வளவு மரியாதையா கேக்குதும்மா, இல்லன்னு சொன்னா அது மனசு நோகாதா?"

எப்போதும் பச்சை

பாக்கியம் அக்கா அன்னாசி ஆலையில் நின்றுகொண்டே வேலை செய்து கால் வீங்கியவர். இனிப்புநீர் என்கிற சர்க்கரை வியாதி வேறு. கால் சுண்டுவிரலில் வந்த புண் ஆறவே இல்லை. சுகர் இறங்காவிட்டால் காலையே எடுக்க வேண்டிவரும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். மெஷின் கொடுத்த புதிதில் சிவப்பாக விழுந்தது. அப்புறம் ஒரே பச்சை. எங்களுக்குச் சந்தோஷம். ஆனால் கட்டு மாற்றப் போகும்போதெல்லாம் புண் மட்டும் நாறிக்கொண்டே இருந்தது. பச்சைக்கும் புண்ணுக்கும் ஒத்துவரவில்லையே என்று மிஸி குழம்பினார்.

ஒருநாள் கணக்கே வரவில்லை. என்ன அக்கா என்று போன் அடித்தேன். படுத்திருந்தார் போல. அரைத் தூக்கத்தில் உளறிவிட்டார்.

"பக்கத்து வீட்டு மலாய்க்கார மாக்சிக், துணி எடுக்கத் தங்காக் டவுனுக்குப் போயிருக்காங்கம்மா, வந்ததும் அவங்க விரலைக் குத்தி அனுப்பிடுறேன்."

சிவப்புக்குப் பயந்தவர்

மறுநாளே மிஸியும் நானும் ஓடினோம். அக்காவின் சொந்த விரலைக் குத்தினால், எண் காட்ட முடியாத அளவுக்கு ஏற்றம். வாசலில் பக்கத்து வீட்டு மலாய்ப் பெரியம்மா, மாக்சிக் ரொக்கியா, கையைப் பின்னால் மறைத்துக்கொண்டு நின்றார். "இவங்க அழுதாங்க லா, அதான் விரல் கொடுத்தேன்" என்றார் அரைகுறைத் தமிழில்.

அக்காவின் மகன் குமார் விடியுமுன்னே மோட்டார் சைக்கிளில் பாலம் தாண்டிச் சிங்கப்பூர் வேலைக்குப் போகிறவன். ஒவ்வொரு சிவப்புக்கும் போன் போக, அவன் லீவு போட்டு ஓடி வந்தான். இன்னொரு லீவு எடுத்தால் வேலை இல்லை என்று முதலாளி சொல்லிவிட்டாராம். அதற்காகக் காலையே இழப்பீர்களா என்று மிஸி கத்தினார். அக்கா கட்டுப் போட்ட காலைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"கால் போனா நான் ஒருத்தி உக்காந்திடுவேன் மிஸி, அவன் வேலை போனா வீடே உக்காந்திடும்."

மாற்றிய நம்பர்

ஆஸ்பத்திரியில் சுண்டுவிரலை எடுத்தார்கள், கால் தப்பியது. ஞாயிற்றுக்கிழமை வந்த குமார் கட்டிலைப் பிடித்துக்கொண்டு அழுதான். சிவப்பு விழுந்தால் முதல் போன் அவனுக்கு வேண்டாம், மாக்சிக்குக்கும் எனக்கும் வரட்டும் என்று நான்தான் கேட்டேன். அவனும் தலையாட்டினான், மிஸி நம்பரை மாற்றினார். பெரியவர்கள் யாருக்குப் பயந்து மறைக்கிறார்கள் என்று மெஷின் கொடுக்கும்போது நாங்கள் யாருமே கேட்டதில்லை. மாக்சிக்கிடம் கார் இருக்கிறது, வாயும் இருக்கிறது. இன்று காலையும் நான் கோப்பி குடித்து முடிக்குமுன் அவர் போன் வந்துவிட்டது.

"அலாமாக், இந்தப் பாக்கியம் மறுபடியும் இனிப்பு டின் பால் ஊத்திக் குடிச்சிருக்கு லா, நீயே வந்து திட்டு!"

சலித்துக்கொண்டே செருப்பை மாட்டினாலும், சிவப்பைப் பார்த்து 'அப்பாடா, இது அக்காவோட விரல்தான்' என்று பெருமூச்சு விடுகிற ஆள் இந்த ஜொகூரிலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.