லைனுக்கு அந்தப் பக்கம் சுலோச்சனா

சுலோச்சனா போய்விட்டாள்.

காலையில் அவள் மகன் போன் செய்தான். "அம்மா தவறிட்டாங்க ஆன்ட்டி..."

இந்த வலைப்பக்கத்தில் நான் எழுதும் மாயாஜால, விஞ்ஞான நாவல் பரிந்துரைகளைப் படிக்கிறவர்களுக்கு அவளைத் தெரியாது. இந்த மாதிரிக் கதைகளைப் பேச எனக்குக் கிடைத்த முதல் ஆள் அவள்தான்.

எண்பதுகளின் தொடக்கம். நான் உத்திரமேரூர் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டர், அவள் காஞ்சிபுரம் எக்ஸ்சேஞ்சில். எங்கள் ஊரில் யாராவது வெளியூருக்கு டிரங்க் கால் புக் செய்தால் நான் அவளைக் கூப்பிடுவேன், அவள் லைன் போட்டுத் தருவாள்.

சின்ன அறை. லைன் இணைக்கும் ஒரு போர்டு. நான் ஒருத்தி. மதியத்தில் ஊரே அடங்கிவிடும், ஒரு கால் வராது. ஆனால் ஹெட்போனைக் கழற்றக் கூடாது.

கல்யாணம் ஆகவில்லை, குடியிருந்த ரூமிலும் தனி. "நம்பர் ப்ளீஸ்" தவிர வேறெதுவும் பேசாமலே தூங்கப்போன நாட்கள் உண்டு.

அப்படி ஒரு மதியம் லைனில் பக்கம் புரட்டும் சத்தம் கேட்டது.

"இன்னா படிக்கிறீங்க?" என்றேன்.

"நாவல். செவ்வாய் கெரகத்துக்குப் போயிருக்காங்க, எறங்கின எடத்துல ஒருத்தன் காணாம பூட்டான். செத்த சும்மா இருங்க, முக்கியமான கட்டம்!"

முடித்ததும் அதை பஸ் கண்டக்டரிடம் கொடுத்தனுப்பினாள். கூடவே லைனில் எச்சரிக்கை. "மொத அத்தியாயம் பேஜாரா இருக்கும். அத்த தாண்டிட்டா கீழ வெக்கமாட்ட."

பதிலுக்கு நான் ஒரு மாயாஜால நாவல் அனுப்பினேன். அவளுக்குப் பிடிக்கவில்லை.

"இன்னாடி இது? மாட்டிக்கினா ஒரு மந்திரம் சொல்லித் தப்பிச்சிக்கிறான். விண்வெளில ஆக்சிஜன் தீந்தா தீந்ததுதான். படிக்கச் சொல்லோ பயமா கீது பாரு... அதான் எனக்குப் புடிக்குது."

இப்படியே சண்டையும் புத்தகமுமாகப் போனது. முகம் பார்த்ததில்லை.

பிறகு ஒரு நாள் லைனில் வேறு குரல். "சுலோச்சனா லீவு. அவ கொழந்த செத்துப்போச்சி."

மூன்று வயதுப் பெண் குழந்தை. ஜுரம் என்றார்கள்.

திரும்பி வந்தபோது "காஞ்சிபுரம்" என்று மட்டும் சொன்னாள். லைன் போட்டாள். கட் செய்தாள். ஆறுதலாக ஏதாவது சொல்ல நினைப்பேன், வார்த்தை வருவதற்குள் போய்விடுவாள்.

ஒரு மதியம், அவள் கட் செய்வதற்குள் நானாகவே ஆரம்பித்தேன்.

"சுலோ, ஒரு நாவல் படிச்சிக்கினு கீறேன். ஒரு பொம்பள தனியா விண்கலம் ஓட்டிக்கினு போறா. ரேடியோ கெட்டுப்போச்சி. பூமிய கூப்புட்டுக்கினே கீறா, பதிலே வரல..."

லைன் கட் ஆகவில்லை.

மறுநாளும் சொன்னேன். அதற்கு மறுநாளும். சில நாள் கழித்து அந்தப் பக்கமிருந்து மெல்லிசாக, "அப்பறம்?"

நாவலின் கடைசியில் அந்தப் பெண் செத்துப்போகிறாள். ஆக்சிஜன் தீர்ந்து, யாருமில்லாமல். அதைப் போய் இவளிடம் எப்படிச் சொல்வேன்?

சொல்லவில்லை. அவளை ஒரு கிரகத்தில் இறக்கினேன். காஞ்சிபுரம் பக்கத்துத் தாமல் ஏரி மாதிரி ஒரு ஏரி வைத்தேன். நெல் விதைக்க விட்டேன், ரேடியோவைப் பிரித்துப் பிரித்துப் பூட்ட விட்டேன்.

எனக்கு விஞ்ஞானமும் தெரியாது, கதை எழுதவும் தெரியாது. ஏதேதோ சொல்லி அவளை உயிரோடு வைத்திருந்தேன்.

"அந்தக் கெரகத்துல நெல்லு மொளைக்குமாடி?" என்று ஒரு நாள் சுலோச்சனா சிரித்தாள். நான் ஹெட்போனை அழுத்திப் பிடித்துக்கொண்டேன்.

பல வருடம் கழித்து எங்கள் எக்ஸ்சேஞ்ச் ஆட்டோமேட்டிக் ஆனது. போர்டைக் கழற்றப் போகிறார்கள் என்றதும் என்னைப் பார்க்க பஸ் ஏறி வந்தாள். இறங்கிய ஒல்லியான பெண்ணை எனக்கு அடையாளம் தெரியவில்லை. "கலா?" என்ற குரல்தான் தெரிந்தது.

டீக்கடையில் உட்கார்ந்து சொன்னாள். "அந்த விண்கலம் நாவல நான் முன்னாடியே படிச்சிட்டேன்டி."

நான் டம்ளரைக் கீழே வைத்துவிட்டேன்.

"கடைசில செத்துடுவா, தெரியும். நீ சாவ வுடல. இன்னிக்கி இன்னா பண்ணி காப்பாத்தப் போறாளோன்னு பாக்கத்தான் அப்பல்லாம் டூட்டிக்கே வந்தேன்."

கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஆனா நெல்லு ரொம்ப ஓவர்" என்றாள்.

ரிட்டயர் ஆன பிறகு அவளுக்குக் காது கேட்காமல் போயிற்று. போனில் பேச முடியாது. வாட்ஸ்அப்பில் புத்தக அட்டையைப் படம் பிடித்து அனுப்புவாள், கீழே ஒரே வார்த்தை. "படி." அல்லது, "வேணாம்."

போன மாதம் ஒரு "படி" வந்தது. நேற்றுதான் முடித்தேன். முடிவு எனக்குச் சுத்தமாகப் பிடிக்கவில்லை. இன்று அவளிடம் சண்டை போடுவதாக இருந்தேன்...

காஞ்சிபுரம் போனேன். வீடு நிறைய ஆட்கள். அவள் மகன் வெளியே ஏதோ ஏற்பாட்டில் இருந்தான், உள்ளே யாருக்கும் என்னைத் தெரியவில்லை. ஒரு அம்மா கேட்டார், "நீங்க அவங்களுக்கு இன்னா வேணும்?"

"கூட வேல செஞ்சவ" என்றேன். வேறென்ன சொல்ல?

தள்ளி உட்கார்ந்து இடம் கொடுத்தார்கள். எடுக்கும்வரை இருந்துவிட்டு பஸ் பிடித்தேன்.

வீட்டுக்கு வந்து அந்தப் புத்தகத்தின் கடைசிப் பக்கங்களை இன்னொரு முறை படித்தேன். இப்போதும் பிடிக்கவில்லை.

போய் வா, சுலோ.