கயிற்றுக்குள் நட்ட செடிகள்

எஸ்டேட் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான எங்கள் லயத்துக்குக் கீழே ஓடிய ஆற்றின் கரையில் ஒருநாள் யாரோ நான்கு குச்சிகளை அடித்து, நீல நைலான் கயிற்றைச் சுற்றிக் கட்டிவிட்டுப் போயிருந்தார்கள். கயிற்றுக்குள் ஒன்றுமில்லை. புல், உண்ணிச்செடி, எங்கள் பக்கத்தில் எல்லோரும் கம்யூனிஸ்ட் பச்சை என்று சொல்லும் களை, அவ்வளவுதான். ஆடுகூட முகர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போகும் செடிகளுக்கு எதற்கு வேலி என்று நான் நெடுநேரம் நின்று யோசித்தேன். அப்போது எனக்குப் பத்து வயது.

பெரியவர்களுக்கு யோசிக்கும் தேவை இருக்கவில்லை. கயிறு கட்டினால் அளக்கிறார்கள், அளந்தால் நம்மைக் கிளப்பிவிடுவார்கள் என்று லயத்தில் ஒரு கட்சி. புதுக் கக்கூஸ் கட்டப்போகிறார்கள் என்று இன்னொரு கட்சி. அம்மா இந்த இரண்டாவது கட்சி. அப்பா எதிலும் சேரவில்லை. அவருக்கு எஸ்டேட்டில் களைமருந்து அடிக்கும் வேலை. முதுகில் டேங்கைச் சுமந்து நாள் முழுக்கத் தேயிலைக்குள் ஏறி இறங்கிவிட்டு வருகிறவருக்குக் கருத்துச் சொல்லத் தெம்பு இருக்காது.

உண்மையைக் கொண்டுவந்தது சித்தி. அம்மாவின் தங்கை. பிளஸ் டூ முடித்துவிட்டு எங்களோடு இருந்தாள். கொழுந்து எடுக்கப் போகமாட்டேன் என்று சொல்லிவிட்டு, வேறு என்ன செய்வது என்று தெரியாமல் இருந்தாள். திருச்சூர்ப் பக்கம் ஏதோ காலேஜிலிருந்து ஒரு டீச்சர் வந்து பாலத்துக்குப் பக்கத்தில் அறை எடுத்திருக்கிறார், கயிறு அவர் கட்டியதுதான், அவர் சொல்லச் சொல்ல இங்கிலீஷ் எழுத்தில் எழுத ஓர் ஆள் வேண்டுமாம், நான் போகிறேன் என்றாள். மறுநாளிலிருந்து சித்தியின் கழுத்தில் அளவு டேப் தொங்கியது. தலையில் தொப்பி. எஸ்டேட்டில் எல்லோரும் அவளை "ஏ புள்ள" என்றுதான் கூப்பிடுவார்கள். டீச்சர் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். சித்தியின் நடையே மாறிவிட்டது.

கயிற்றுக்குள் எத்தனை வகைச் செடி இருக்கிறது என்று எண்ணுவதுதான் வேலை என்று தெரிந்ததும் லயத்தில் இரண்டு கட்சிகளும் ஒன்றாகச் சேர்ந்து சிரித்தன. எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒரு பெரிய மனுஷி, கண்ணாடி போட்டவர், பஸ்ஸில் அத்தனை தூரம் வந்து களையை எண்ணுகிறார் என்றால் அதில் ஏதோ இருக்க வேண்டும். சனிக்கிழமைகளில் அவர்கள் பின்னாலேயே போக ஆரம்பித்தேன். டீச்சர் விரட்டவில்லை. பேனாவின் மூடியைப் பிடித்துக்கொள்ளும் வேலையைக் கொடுத்தார்.

ஆற்றின் மேல்முனையில், பாறைச் சரிவில் ஒரு துண்டுச் சோலை இருந்தது. செங்குத்தான இடம், தேயிலை நட முடியாது என்று வெள்ளைக்காரன் விட்டுப் போனது என்பார்கள். அதற்குக் கீழே இரு கரையிலும் தேயிலை. அப்புறம் எங்கள் லயம். மறுபடி தேயிலை. அடிவாரத்தில், கிராண்டிஸ் என்ற யூகலிப்டஸ் மரக்காட்டைத் தாண்டி, இன்னொரு துண்டுச் சோலை. ஒரு காலத்தில் இதெல்லாம் ஒரே காடு, ஆறு அதற்குள்ளேயே ஓடியது என்று டீச்சர் சித்தியிடம் சொல்வதைக் கேட்டேன். காடு துண்டு துண்டாகிவிட்டால் ஆற்றங்கரையில் எது தங்குகிறது, எது போய்விடுகிறது என்று பார்க்க வேண்டும். அதற்காகத்தான் எல்லா இடத்திலும் ஒரே அளவில் கயிறு. போவது என்றால் செடி எப்படிப் போகும், அதற்குக் கால் உண்டா என்று நான் கேட்டதற்கு டீச்சர் சிரித்து, அதுதான் கேள்வி என்றார். எனக்கு அது பதிலாகத் தோன்றவில்லை.

மேல்சோலையில் ஒரு கயிற்றை முடிக்க ஒரு முழுநாள் பிடித்தது. டீச்சர் மண்டியிட்டு, ஒவ்வோர் இலையாகத் திருப்பிப் பார்த்து, கசக்கி முகர்ந்து, மந்திரம் மாதிரி ஒரு பெயரைச் சொல்வார். சித்தி எழுதுவாள். பெரணியிலேயே எத்தனையோ வகை. பாறை இடுக்கில் ரோஸ் நிறப் பூவோடு காட்டுக் காசித்தும்பை, கட்டைவிரல் நகம் அளவுக்கு இலை வைத்த ஒரு கொடி, தண்டில் முள் உள்ள ஒன்று, இல்லாத ஒன்று. கால் முழுக்க அட்டை ஏறியது. நோட்டில் பக்கம் பக்கமாகப் பெயர்கள். எங்கள் கயிற்றுக்கு வந்தபோது, ஒரு டீ குடிக்கும் நேரத்தில் வேலை முடிந்துவிட்டது. அரைப் பக்கம். அதன் தலைப்பில் சித்தி அழகான கையெழுத்தில் 'லயம்' என்று எழுதியிருந்தாள். பரீட்சைப் பேப்பரில் என் பெயரைப் போட்டு ஒற்றை இலக்க மார்க் எழுதியதுபோல எனக்கு அவமானமாக இருந்தது.

அவமானத்தோடு விட்டிருந்தால் பரவாயில்லை. அன்று மாலை டீச்சர் எங்கள் வாசலுக்கு வந்து அப்பாவோடு பேசினார். மருந்து எதுவரை அடிப்பீர்கள் என்று கேட்டார். தண்ணீர் ஓரம் வரைக்கும் என்றார் அப்பா. கொஞ்சம் தள்ளி நிறுத்திக்கொள்ள முடியாதா என்றதற்கு, சூப்பர்வைசர் விடமாட்டார் என்றார். டீச்சர் தலையாட்டி, நோட்டில் ஏதோ குறித்துக்கொண்டு போய்விட்டார். அவர் போனதும் அப்பா அம்மாவிடம், "என் பேரப் போட்டு எழுதியிருக்குமோ?" என்று கேட்டார். அந்தக் குரலை அதற்கு முன் நான் கேட்டதில்லை.

எனக்குக் கணக்கு உடனே புரிந்தது. எங்கள் கயிற்றில் செடி குறைவு. குறைவுக்குக் காரணம் அப்பா. அதை எழுதி எங்கேயோ அனுப்பினால் அப்பாவின் வேலை போய்விடும். செடி குறைவாக இல்லாவிட்டால்? எழுத ஒன்றும் இருக்காது.

ஞாயிற்றுக்கிழமை சித்தி குளிக்கப் போனபோது அவள் நோட்டைப் பிரித்துப் பார்த்தேன். பெயர்களை வாசிக்க முடியவில்லை. ஆனால் ஓரத்தில் சித்தி தனக்கு அடையாளத்துக்காகச் சிறிய இலைப் படங்கள் வரைந்திருந்தாள். எங்கள் பக்கத்தில் இல்லாத இலைகளை மனதில் வைத்துக்கொண்டு, ஒரு சிமென்ட் சாக்கும் கொட்டாங்கச்சியும் எடுத்துக்கொண்டு, காலில் உப்பும் வேப்பெண்ணெயும் தடவிக்கொண்டு மேல்சோலைக்கு ஏறினேன். தனியாக அங்கே போகக்கூடாது என்று அடித்துச் சொல்லியிருந்தார்கள். பயமாகத்தான் இருந்தது. ஆனால் தேட ஆரம்பித்ததும் பயம் எங்கோ போய்விட்டது. ஒவ்வொன்றிலும் ஒன்றே ஒன்று எடுத்தேன். ஒரே வகையை இரண்டு தடவை எடுப்பதால் லாபமில்லை என்று எனக்குத் தெரிந்திருந்தது. அதுவும் அங்கே நிறையக் கிடப்பதை விட்டுவிட்டு, அபூர்வமானதாகப் பார்த்து எடுத்தேன். வேரோடு மண்ணும் வர வேண்டும் என்று சுற்றித் தோண்டினேன். மத்தியானத்துக்குள் அத்தனையையும் எங்கள் கயிற்றுக்குள் நட்டு, ஆற்றிலிருந்து தண்ணீர் எடுத்து ஊற்றிவிட்டு, நல்ல பிள்ளையாகச் சோறு தின்னப் போனேன்.

அடுத்த சனிக்கிழமை டீச்சர் மறுபடி எண்ண வந்தார். கயிற்றின் அருகே வந்ததும் நின்றார். குனிந்து மண்ணைத் தொட்டுப் பார்த்தார். நான் வாழ்த்துக்காகக் காத்திருந்தேன். அவர் என்னைப் பார்க்கவே இல்லை. சித்தியின் பக்கம் திரும்பி, இதெல்லாம் மேலேயிருந்து கொண்டுவந்து நட்டது என்றார். அவற்றில் ஒன்றுகூட இங்கே ஏற்கெனவே இருந்த வகையில்லை. பட்டியல் தெரிந்த ஒருவரால்தான் இப்படிப் பொறுக்கி எடுத்து நட முடியும். பட்டியல் இருந்தது சித்தியின் கையில். எதற்காகச் செய்தாய், எனக்குச் சந்தோஷமாக இருக்கும் என்றா என்று மெதுவாகத்தான் கேட்டார். சித்தி இல்லை இல்லை என்று தலையை ஆட்டினாள். டீச்சர் நோட்டை வாங்கிக்கொண்டார். திங்களிலிருந்து வர வேண்டாம் என்றார்.

சித்தி தொப்பியைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அம்மாவிடம், அடுத்த வாரத்திலிருந்து உன்னோடு கொழுந்துக்கு வருகிறேன் என்று மட்டும் சொன்னாள். ராத்திரிச் சோற்றுத் தட்டைப் பார்த்துக்கொண்டே எல்லாவற்றையும் அப்பாவிடம் சொன்னேன். அம்மா கையை ஓங்கினாள். அப்பா தடுத்தார். எதற்காக நட்டேன் என்ற இடம் வந்தபோது அவர் சாப்பிடுவதை நிறுத்திவிட்டார். திட்டவில்லை. கை கழுவிவிட்டு வந்து, காலையில் சீக்கிரம் எழுந்திரு என்றார்.

ஞாயிற்றுக்கிழமையில் அப்பா சட்டை தேய்த்துப் போட்டுக்கொண்டதை அன்றுதான் பார்த்தேன். சித்தியையும் என்னையும் கூட்டிக்கொண்டு பாலத்துக்குப் பக்கத்து அறைக்குப் போனார். டீச்சர் உட்காரச் சொன்னார். அப்பா உட்காரவில்லை.

"நட்டு வச்சது எம்மவதான் டீச்சர். என்னையப் பத்தி எழுதிருவீகளோன்னு பயந்துட்டா. எழுதணும்னா எழுதிக்கோங்க, நான் தண்ணி ஓரம் வரைக்கும் அடிக்கிறது நெசந்தான். ஆனா எங்கொழுந்தியா மேல ஒரு தப்பும் இல்ல."

டீச்சர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். தான் யார் பெயரையும் எழுதவில்லை, மருந்து அடிக்கும் தூரத்தை மட்டும்தான் குறித்துக்கொண்டதாகச் சொன்னார். அப்பா அதை நம்பினாரோ என்னவோ, முகம் கொஞ்சம் தளர்ந்தது. பிறகு டீச்சர் சித்தியிடம் வந்து, அவள் கையைப் பிடித்துக்கொண்டு, தெற்றிப்போயி, க்ஷமிக்கணும் என்று, தப்பு தன்னுடையது என மலையாளத்தில் சொன்னார். தன்னைவிடப் படித்த ஒருவர் தன்னிடம் மன்னிப்புக் கேட்டது சித்திக்கு அதுதான் முதல் தடவை. என்ன செய்வதென்று தெரியாமல் அவளும் பதிலுக்கு மன்னிப்புக் கேட்டாள். நோட்டு அவள் கைக்குத் திரும்பி வந்தது.

அதன் பிறகு டீச்சர் என் பக்கம் திரும்பினார். அடி விழும் என்று நினைத்தேன். அவர் கேட்டது வேறு. எது எதை எங்கே எங்கேயிருந்து எடுத்தாய், காட்ட முடியுமா என்றார்.

காட்ட முடியுமா! அப்பா லயத்துக்குத் திரும்பிவிட, நாங்கள் மூவரும் முதலில் எங்கள் கயிற்றுக்குப் போய் நான் நட்டதையெல்லாம் மண்ணோடு பெயர்த்தெடுத்தோம். காசித்தும்பை மட்டும் நிமிர்ந்து நின்றது. மற்றவையெல்லாம் ஒரே வாரத்தில் தலை தொங்கிப்போயிருந்தன. நான் தினமும் தண்ணீர் ஊற்றியும் ஏன் வாடின என்று டீச்சரிடம் கேட்டேன். மேலே நிழலில், ஈரக்காற்றில் வளர்ந்தவை, இங்கே நாலு பக்கமும் வெயில், மோளே, என்று மகளைக் கூப்பிடுகிற மாதிரி சொன்னார். சாக்கைத் தூக்கிக்கொண்டு ஏறினோம். நான் முன்னால் போனேன். இது அந்தப் பாறைக்கு இடது பக்கம், இது விழுந்த மரத்துக்குக் கீழே, இது இந்தக் குழியில். ஒன்றுகூடத் தவறவில்லை. டீச்சர் ஒவ்வொன்றுக்கும் வியந்து சித்தியிடம் ஏதோ சொல்லிக்கொண்டு வந்தார். எனக்கு மிதப்பதுபோல இருந்தது.

கடைசியாக ஒன்று மிஞ்சியது. ஒரு சாண் உயரம், பளபளவென்று நீண்ட இலைகள். இலைகள் இப்போது சுருண்டு கறுத்திருந்தன. அதை எடுத்த இடம் ஆற்றை ஒட்டி, இரண்டு பாறைகளுக்கு நடுவே இருந்தது. டீச்சர் செடியைக் கையில் வாங்கிக்கொண்டு இலையின் பின்பக்கத்தைப் பார்த்தார். கரைக்கு அப்பால் நின்ற ஒரு பெரிய மரத்தை நிமிர்ந்து பார்த்தார். காட்டு ஜாதிக்காய் என்று சித்தியிடம் சொன்னார். அதன் அடியில் பிளந்த காய்கள் கிடந்து அழுகிக்கொண்டிருந்தன. இத்தனை பெரிய விதையை விழுங்கித் தூரத்தில் கொண்டுபோய்ப் போட இருவாச்சிப் பறவை வேண்டும், தேயிலைக்கு மேலே பறந்து இந்தத் துண்டுக்கு அது வருவதில்லை, அடியிலேயே விழுவது முளைத்தாலும் பிழைத்து நிற்பதில்லை என்று சொல்லிக்கொண்டே வந்தவர் சட்டென்று என்னிடம் கேட்டார்.

"மோளே, இதுபோல வேற செடி இங்க இருந்ததா?"

"இல்ல டீச்சர். நல்லாத் தேடிப் பாத்தேன். கரை முழுக்க இது ஒண்ணே ஒண்ணுதான் இருந்துச்சு. அதான் எடுத்தேன்."

டீச்சர் அப்படியே பாறைமேல் உட்கார்ந்துவிட்டார். செடி அவர் மடியில் கிடந்தது. சித்தி என்னைப் பார்த்தாள், பிறகு தண்ணீரைப் பார்த்தாள். ஏறி வந்த களைப்பு என்றுதான் நான் நினைத்தேன். எதையும் மறைக்காமல், கேட்டதற்குச் சரியான பதில் சொல்லிவிட்ட பெருமையோடு, அவர் மூச்சு வாங்கி முடிக்கட்டும் என்று முன்னால் நின்றுகொண்டிருந்தேன்.