வால் கணக்கில் வராதவள்

மிருகக்காட்சி சாலையில் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. இடுப்பில் கொத்தாகத் தொங்கும் பதினொரு சாவிகளால் எல்லோருக்கும் அவள் சாவி அக்கா. ஆள் வருவதற்கு முன்னால் சத்தம் வந்துவிடும். குரங்குகள் கம்பிக்கு ஓடிவரும்; அரட்டை அடிக்கும் காவலாளிகள் எழுந்து நிற்பார்கள்.

பதினாறு வருட வேலையில் அவள் குரலை உயர்த்தியது ஐந்தாம் கூண்டுக்காக மட்டும்தான். அங்கே இருந்தது ஒரு பெண் கிப்பன், மனிதக் குரங்கு இனத்தில் சின்ன வகை. குட்டியில் புட்டிப்பால் கொடுத்து வளர்த்து, ஊஞ்சல் என்று பெயரும் வைத்தவள் அவள். ஊஞ்சலுக்கு வால் கிடையாது. கைகள் மட்டும் காலைவிட நீளம். குரங்குகள் கிளையின் மேல் நாலு காலில் ஓடும். ஊஞ்சலோ கூரைக் கம்பியில் தொங்கியபடி, கைமாற்றிக் கைமாற்றி, மூன்றே வீச்சில் கூண்டின் மறுமுனைக்குப் போய்விடும். தரையில் கால் வைப்பதே அபூர்வம். காலையில் அது பாடினால் நுழைவாயில் வரை கேட்கும்.

"என்ன, உன் குரங்கு சௌக்கியமா?" என்று பஸ் ஓட்டும் கணவர் தட்டு முன்னால் உட்காரும்போதெல்லாம் சீண்டுவார்.

"அது குரங்குக்குத் தூரத்துச் சொந்தம், நமக்குத்தான் கிட்டத்துச் சொந்தம். வேணும்னா உங்க தம்பிகிட்ட கேளுங்க."

"என் தம்பிய ஏண்டி இழுக்கிற?"

"முகஜாடை இருக்கே!"

புதிதாக வந்த மேற்பார்வையாளர் அறைக்குள்ளும் தொப்பியைக் கழற்றாதவர். முதுகுக்குப் பின்னால் அவர் பெயரே தொப்பிதான். ஐந்தாம் கூண்டைக் காலி செய்து கிளிகளை வைக்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றிவிட்டது.

"அந்த ஒத்தக் குரங்கைப் பெரிய கூண்டுல விடுங்க. அங்க இருபத்தொண்ணு இருக்கு. சொந்தக்காரங்கதானே, ஒண்ணா இருக்கட்டும்."

"சொந்தம்தான் சார். அதுக்காக உங்க பெரியப்பா பேரப்பிள்ளைங்க இருபத்தொரு பேரையும் உங்க வீட்டுல கொண்டுவந்து விட்டா சும்மா இருப்பீங்களா? அங்க நடக்கப் பலகைதான் இருக்கு, தொங்கக் கம்பி இல்ல. நான் கதவத் திறக்க மாட்டேன்."

"எனக்கே பாடம் எடுக்கிறியாம்மா?"

அவளுடைய வார விடுமுறை நாளில், அலுவலகத்திலிருந்த மாற்றுச் சாவியை வைத்து அவர் காரியத்தை முடித்துவிட்டார்.

மறுநாள் அவள் வந்தபோது பாட்டு கேட்கவில்லை. பெரிய கூண்டின் மூலையில், தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால், ஊஞ்சல் நீண்ட கைகளால் தன்னையே கட்டிக்கொண்டு தரையில் கிடந்தது. பழக்கூடையைக் கவிழ்த்ததுதான் தாமதம், குரங்குகள் கன்னப்பைகளை உப்ப உப்ப நிரப்பிக்கொண்டு பலகைக்கு ஏறிவிட்டன. ஊஞ்சலுக்குக் கன்னப்பை கிடையாது. ஒவ்வொரு வாயாக மென்று தின்னும் அதற்கு மிஞ்சியது தோல்தான்.

மூன்று நாள் அவள் கம்பி வழியாகத் தன் கையால் ஊட்டினாள். நாலாம் நாள் தொப்பி அதைப் பார்த்துவிட்டார்.

"இனிமே நீ அந்தப் பக்கமே போகாத. சாயங்கால எண்ணிக்கையையும் நானே பாத்துக்கிறேன்."

அந்த எண்ணிக்கைக்கு அங்கே ஒரு முறை உண்டு. குரங்கின் முகத்தைப் பார்த்து எண்ணினால் கணக்கு நிற்காது, ஒன்றும் ஒரு நொடி அடங்கி உட்காராது. ஆனால் சாயங்காலத் தீனி வைத்தால் எல்லாம் பலகையில் வரிசையாக, முதுகைக் காட்டி உட்கார்ந்துவிடும். பின்னால் தொங்கும் வால்களை எண்ணினால் போதும். யாரோ தொப்பிக்கு அதைச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். அவர் எண்ணினார். இருபத்தொன்று. பதிவேட்டில் இருபத்திரண்டு. மறுபடி எண்ணினார். இருபத்தொன்றேதான்.

அபாயச் சங்கு ஊதியது. நுழைவாயிலை இழுத்து மூடினார்கள். பார்க்க வந்த ஜனமெல்லாம் பெரிய கூண்டுக்கு முன்னால் கூடிவிட்டது. தொப்பி வியர்க்க விறுவிறுக்க நின்றார். "ஒண்ணு தப்பிச்சுப் போச்சு! எல்லாம் இந்தம்மாவோட அலட்சியம்!"

சாவிச் சத்தம் கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தது.

"எதை சார் எண்ணினீங்க?"

"வாலைத்தான். வேற எதை எண்ணுவாங்க?"

கூட்டத்தில் ஒருத்தரும் சிரிக்கவில்லை. அவளும் சிரிக்கவில்லை. நேராகக் கதவைத் திறந்து உள்ளே போனாள். தொட்டிக்குப் பின்னால் குனிந்து கையை நீட்டினாள். ஊஞ்சல் மெல்ல நகர்ந்து வந்து, இரண்டு கைகளாலும் அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டது. இரண்டு சுற்று சுற்றும் அளவுக்கு நீளமான கைகள். விலாவோ குச்சி குச்சியாகத் தெரிந்தது.

"இதோ உங்க இருபத்திரெண்டாவது. நல்லாப் பாத்துக்கோங்க, வால் இருக்கான்னு."

இப்போது கூட்டம் சிரித்தது. அவள் ஊஞ்சலைச் சுமந்துகொண்டு, கிளிகள் இன்னும் வந்து சேராத ஐந்தாம் கூண்டை நோக்கி நடந்தாள்.

"நில்லும்மா! யார் உத்தரவுல கொண்டுபோற?"

"யார் உத்தரவுல இங்க கொண்டுவந்தீங்களோ, அவங்ககிட்ட சொல்லிடுங்க, நான் திருப்பிக் கொண்டுபோயிட்டேன்னு."

ஐந்தாம் கூண்டின் பூட்டை அன்றைக்கே மாற்றினாள். புதிய பூட்டுக்கு ஒரே சாவி.

விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது. ஒரே வரியில் பதில் எழுதினாள்: மறுபடி மாற்றினால் மறுபடி கொண்டுவருவேன். தண்டனையாக ஒரு மாதம் நுழைவாயிலைப் பெருக்கும் வேலை கிடைத்தது. பத்துச் சாவிகளை எண்ணித் தொப்பியின் மேசையில் வைத்துவிட்டு, ஒன்றை இடுப்பிலேயே வைத்துக்கொண்டாள்.

தினமும் காலையில் தீனிக் கூடையோடு ஒரு ஊழியர் நுழைவாயிலுக்கு வருவார். "அக்கா, தொப்பி சார் கூப்பிட்டு வரச் சொன்னாரு. கூண்டத் திறக்கணுமாம்."

"வரேன். இந்தக் குப்பைய அள்ளிட்டு வரேன். அவரைக் காத்திருக்கச் சொல்லு."

துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு அவள் கிளம்பும்போது, உள்ளேயிருந்து பாட்டு கேட்க ஆரம்பித்திருக்கும்.