பூவுக்கு இஸ்திரி

போன வெள்ளிக்கிழமை ஓர் ஏலச்செடியை இஸ்திரி போட்டு நாசம் செய்தேன். அதை இங்கே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

செடி இருந்தது துணியில். என் மனைவி மரகதம் பட்டு ரிப்பனால் பூவேலை செய்கிறாள். ரிப்பனின் நடுவிலேயே ஊசியைக் குத்தி இறக்குவாள். கடைசிவரை இழுக்காமல் கொஞ்சம் விட்டுவிட்டால் நுனி சுருண்டு இதழாக நிற்கும். தொட்டால் மேடும் பள்ளமுமாக இருக்கும். ஏலத்தோட்டங்கள் நிறைந்த மலையூரான சக்குபள்ளத்தில் பிறந்தவள். அதனால் பல வாரமாக ஏலச்செடி தைத்தாள் — மேலே பச்சை இலைகள், அடியில் மண்ணோடு படர்ந்த வெள்ளைப் பூக்கள்.

அந்த வெள்ளிக்கு மறுநாள் சித்தூரில் பெண்கள் குழுவின் கண்காட்சி. அவள் பெயர் எழுதிய அட்டையோடு அவள் வேலையை வெளியே வைப்பது முதல் தடவை.

அவள் கடைக்குப் போயிருந்தாள். துணியை இறுக்கித் தைக்க வளையம் மாட்டிய தடம் சுருக்கமாகத் தெரிந்தது. ஆபீஸ் போன காலத்திலிருந்து என் சட்டைக்கு நானே இஸ்திரி போடுகிறவன். சுருக்கம் கண்டால் கை சும்மா இருக்குமா? உதவி செய்யத்தான் என்று சொல்லிக்கொள்ளலாம்... உண்மை அதுவல்ல. அவள் வேலையில் ஒரு குறை கண்டுபிடித்துவிட்ட சந்தோஷம். பூவின் மேலேயே அழுத்தித் தேய்த்தேன்.

மரகதம் வந்து பார்த்தாள். செடி அப்பளமாகக் கிடந்தது.

"ஏங்க, பூவுக்குமா இஸ்திரி போடுவாக?"

"சுருக்கமா இருந்துச்சு புள்ள..."

"அந்தச் சுருக்கத்துக்குத்தான் இத்தன நாளா கண்ணு நோக உக்காந்திருந்தேன்."

கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன். மெதுவாகச் சொன்னாள். "தப்புப் பண்ணிட்டேன்" என்றேன். எனக்கு அவ்வளவாகப் பழக்கமில்லாத வார்த்தை.

"அத அப்புறம் பேசுவோம். புட்டுக்குடத்துல தண்ணி வையுங்க."

குடத்தின் சின்ன வாயிலிருந்து ஆவி சீறியது. நான் துணியைப் பிடித்துக்கொண்டேன். அவள் ஊசியின் காதுப் பக்கத்தால் இதழ் இதழாக நெம்பினாள். விரல் சுட்டது. "ஆடாமப் பிடிங்க." அவள் வேலையை அன்றுதான் கிட்டத்தில் பார்த்தேன் என்றால் நம்புவீர்களா? இலைகள் எழுந்தன. பூக்களும் எழுந்தன — ஓரத்தில் ஒரு கொத்து மட்டும் மாட்டேன் என்றது. பிரித்துத் தைக்க நேரமில்லை.

கண்காட்சியில் அந்தக் கொத்தைத்தான் ஒரு அம்மா குனிந்து பார்த்தார்.

"ஏனுங்க அக்கா, மத்ததெல்லாம் நிமிந்து நிக்குது, இது மட்டும் அமுங்கியிருக்குதுங்களே... இது என்ன தையலுங்க?"

எனக்கு வியர்த்தது. மரகதம் சிரிக்காமல் சொன்னாள்: "அதுவா? எங்க ஊரு ஏலக்காட்டுக்குள்ள காட்டுப்பன்னி பூந்துரும். அது மிதிச்ச பூ."

"அட! அதையுங்கூட விடாமத் தச்சிருக்கீங்களே!" என்று அவர் போட்டோ எடுத்துக்கொண்டார்.

பன்னி பக்கத்திலேயேதான் நின்றுகொண்டிருந்தது — மடிப்புக் கலையாத சட்டையோடு.