மூணு நிமிஷ அக்கா

இடது காதுத் தோட்டைக் கழற்றி மேசை இழுப்பறையில் போட்டுவிட்டுத்தான் அக்கா வேலையைத் தொடங்குவார். ஹெட்போன் அந்தப் பக்கம்தான் அழுத்தும். "காது வெறுமையா இருந்தாத்தான் ஆளு பேசுறது உள்ள எறங்கும்" என்பார். முப்பத்தைந்து வருடமாக இதே வழக்கம். மாறியதெல்லாம் இழுப்பறைகள்தான்.

முதல் இழுப்பறை தொலைபேசி நிலையத்தில். டிரங்க் கால் எனும் வெளியூர் அழைப்புகளை வயர் செருகி இணைத்துவிட்டு, சரியாக மூன்று நிமிடத்தில் குறுக்கே புகுந்து, "மூணு நிமிஷம் ஆச்சு, இன்னும் பேசுறீங்களா?" என்று கேட்க வேண்டும். எத்தனை காதலர்களின் சாபத்தை வாங்கிக் கட்டிக்கொண்டாரோ! கடிகாரத்தைப் பார்க்கவே மாட்டார். மூன்று நிமிடம் முடிவது அவர் உடம்புக்கே தெரியும். வீட்டில் கணவர் புலம்பத் தொடங்கினாலும் அதே கதிதான். "என் கல்யாண வாழ்க்கையே டிரங்க் கால்தான்" என்று அந்த மனிதர் கொஞ்சம் பெருமையாகவே அலுத்துக்கொள்வார்.

மக்கள் தாங்களே எண்களை அழுத்தக் கற்றுக்கொண்டதும் வயர்களுக்கு வேலை போயிற்று. கூட இருந்தவர்கள் அழுதார்கள். அக்கா தோட்டை மாட்டிக்கொண்டு நேரே தட்டச்சு வகுப்புக்குப் போனார். பேஜர் நிறுவனத்தில் செய்திகளைத் தட்டி அனுப்பினார். பேஜரும் போயிற்று. பிறகு கைபேசி நிறுவனம், வாடிக்கையாளர் குறை கேட்கும் வேலை. "திட்டுறவங்க பாவம், வேற யாருகிட்டப் போவாங்க?" என்று அத்தனை வசவையும் சிரித்தபடி வாங்கிக்கொண்டார். சென்ற ஆண்டு அந்த நாற்காலிக்கும் ஓர் இயந்திரக் குரல் வந்தது. அக்கா விடுவாரா? அதையும் கூப்பிட்டுப் பேசிப் பார்த்தார். "நல்லாத்தான் பேசுது. நடுவுல மூச்சுதான் விட மாட்டேங்குது."

கணவர் முதுகுவலியால் வேலையை விட்டிருந்தார். வீடு அக்காவின் குரலில்தான் ஓடிக்கொண்டிருந்தது. ஐம்பத்தைந்து வயதில் வேலை தேடுவது லேசான காரியமா? நான்கு இடங்களில் வயதைக் கேட்டதுமே கையை விரித்தார்கள். ஐந்தாவதாக, ஆம்புலன்ஸ் அழைப்பு அறையில் தேர்வுக்குக் கூப்பிட்டார்கள். அக்கா இரண்டு மாதம் கணினி வரைபடத்தின் முன் உட்கார்ந்து ஊரின் சந்துபொந்தெல்லாம் மனப்பாடம் செய்தார். இதுவும் கைவிட்டுப் போனால் அடுத்த கதவு எது என்று அவருக்கே தெரியவில்லை.

தேர்வன்று தோட்டைக் கழற்றி மேசைமேலேயே வைத்துக்கொண்டார். இழுப்பறை இன்னும் அவருடையதில்லையே! பக்கத்து அறையிலிருந்து மேற்பார்வையாளர், அப்பா மயங்கி விழுந்துவிட்ட மகனாகப் பதறி நடித்தார். எழுதிக் கொடுத்திருந்த வாசகங்களைத் தவிர வேறெதுவும் பேசக்கூடாது என்பது விதி. முகவரியை வாங்கி, திரையிலிருந்த வரைபடத்தில் வண்டியை அனுப்பி, செய்ய வேண்டியதைச் சொல்லி, எல்லாம் சரியாகத்தான் போனது. திடீரென்று வாய் தானாகத் திறந்துகொண்டது.

"மூணு நிமிஷம் ஆச்சு..."

அது தாளில் இல்லாத வாசகம். ஆனால் எதிர்முனையில் பதறும் ஒருவரைப் பாதி வாக்கியத்தில் விட்டுவிட அவருக்குத் தெரியாது. "மூணு நிமிஷம் ஆச்சு தம்பி. வண்டி பாலத்தத் தாண்டிருச்சு. நான் லைன்லயேதான் இருக்கேன், நீங்க பேசுங்க."

மேற்பார்வையாளர் எழுந்து வந்தார்.

"தப்புதான் சார். பழக்கதோஷம்" என்று அக்காவே முந்திக்கொண்டு தோட்டைக் கையில் எடுத்தார்.

"இருங்க மேடம். இங்க கூப்பிடுறவங்களுக்கு ஒரு நிமிஷம் ஒரு மணி நேரமாத் தெரியும். வண்டியே வராதுன்னு நெனச்சுப் பாதில லைனக் கட் பண்ணிடுவாங்க. எவ்வளவு நேரமாச்சுன்னு அவங்ககிட்டச் சொல்லணும்னு எங்களுக்குத் தோணவே இல்ல." அவர் கையிலிருந்த வாசகத் தாளின் ஓரத்தில் ஏதோ எழுதிக்கொண்டார். "திங்கக்கெழம காலைல ஏழு மணிக்கு வந்துடுங்க. இதுதான் உங்க மேசை."

காதருகே போன தோடு அங்கேயே நின்றது. அக்கா இழுப்பறையைத் திறந்து, தோட்டை உள்ளே போட்டு மூடிவிட்டு, ஒற்றைத் தோட்டோடு பேருந்து ஏறப் போனார்.